முடி முளைத்த கை

எங்கள் பணிமனையில் அவருக்கு மொட்டைக்கை என்று பெயர். பெயரைக் கேட்டுவிட்டு வரும் புது ஆட்கள் கை இல்லாத ஒருவரைத் தேடுவார்கள். அவருக்குக் கை இரண்டும் திடமாகவே இருந்தன. இடது முன்கையில் மட்டும் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஒரு முடி இருக்காது. இடுப்புக்கத்திகளைச் சாணை பிடித்ததும் கூரை அந்தக் கையில்தான் சோதிப்பார். சோப்பும் தண்ணீரும் இல்லாமல் முடி வழித்துக்கொண்டு வந்தால் கத்தி தயார். பத்தொன்பது வருடம் அப்படி வழித்த கை அது.

இப்போது அந்தக் கையில் முடி இருக்கிறது. அது எப்படி முளைத்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டே இருந்தது. அந்தப் பணிமனை அலுவலகத்தில் எழுத்தர் வேலை பார்ப்பவன் நான். இதில் என் விரல்களுக்கும் பங்கு உண்டு.

மலைச்சரிவு வழியே போகும் மின்கம்பிகளின் அடியில் மரமும் புதரும் வளராமல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நாற்பது பேர். எல்லோரும் தினக்கூலி. ஒவ்வொருவருக்கும் முழங்கை நீளத்தில் ஒரு வெட்டுக்கத்தியும், கயிறு அறுக்கவும் முளை சீவவும் ஒரு சின்ன இடுப்புக்கத்தியும் கொடுத்திருந்தார்கள். கைப்பிடியில் எண் பொறித்திருக்கும். காலையில் வாங்கிப் போய் மாலையில் தகரக் கொட்டகையில் ஒப்படைத்துவிடுவார்கள். கொட்டகைக்குள் ஒரு மின்சாணை, ஒரு தண்ணீர் வாளி, நாலு கல், ஏழெட்டு அரம், இவற்றுக்கு நடுவில் மொட்டைக்கை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவரிடம் ஒரு அசட்டுக் கேள்வி கேட்டேன். இடுப்புக்கத்தியை முடி வழிக்கும் அளவுக்குத் தீட்டுகிறவர், வெட்டுக்கத்தியை ஏன் அரத்தோடு விட்டுவிடுகிறார்?

"முகம் வழிக்க ஒல்லி வேணும் சார். மரத்தோட மல்லுக்கட்டத் தொப்பை வேணும்" என்றார். தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். "என்னைப் பார்த்தா எதுக்கு லாயக்குன்னு தோணுது?"

பிறகு இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இடுப்புக்கத்தியின் பக்கங்கள் சரிவுப் பலகைபோல நேராக இறங்கிக் கூரில் சேர்ந்தன. அந்தச் சரிவைக் கல்லில் படியவைத்துத் தேய்த்தால் போதும், கோணம் தானாக அமையும். வெட்டுக்கத்தியில் கூருக்குச் சற்று மேலே இரண்டு பக்கமும் மெல்லப் புடைத்திருந்தது. கூர் மரத்துக்குள் நுழையும்; பின்னால் வரும் புடைப்பு மரத்தைப் பிளந்து விலக்கும். கத்தி சிக்காது, கூருக்கும் முட்டுக்கொடுக்கும். அந்தப் புடைப்பை இழைத்து ஒல்லியாக்கினால் தோற்றத்துக்குப் பளபளவென்று இருக்கும். காய்ந்த கட்டையில் நாலு போடு போட்டால் கூர் மடங்கிவிடும், இல்லையென்றால் பல் உடையும். அதனால் வெட்டுக்கத்தியை அவர் கையில் சோதிப்பதில்லை. வாசலில் கிடக்கும் காய்ந்த கட்டையில் மூன்று வெட்டு வெட்டி, கூரை நகத்தால் தடவிப் பார்ப்பார். அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்தவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். தெரியாமல் செய்திருந்தால் எழுதவே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை, புதிதாகப் பொறுப்பேற்ற பெரிய அதிகாரி பணிமனையைப் பார்க்க வந்தார். கூடவே எங்கள் மேற்பார்வையாளர். மேலே இருப்பவர் வாயைத் திறக்கும் முன்பே "சரி சார்" என்று சொல்லிப் பழகியவர் என்பதால் அவர் பெயரே சரிசார். பெரிய அதிகாரி கைப்பேசியில் ஏதோ காணொளி பார்த்திருந்தார். அதில் ஒருவர் கத்தியைத் தொட்டதுமே தொங்கும் தாள் இரண்டாகப் பிரிகிறதாம். என் மேசையிலிருந்து ஒரு தாளை உருவிக்கொண்டு போய், பதினேழாம் எண் வெட்டுக்கத்தியை அதில் இழுத்தார். தாள் அறுபடாமல் கிழிந்தது.

"இதுக்குப் பேர் கத்தியா? தாளே அறுக்கலை, மரம் எங்க அறுக்கும்?"

"சார், இது கட்டைக்கு வெச்ச கூர். தாளுக்கு..." என்று மொட்டைக்கை தொடங்கினார்.

"சார் சொன்னா சரி சார்" என்று சரிசார் குறுக்கே விழுந்தார். "வெள்ளிக்கிழமைக்குள்ள நாப்பதும் தாள் அறுக்கும் சார்."

இடையில் இருந்தது இரண்டு நாள். அரத்தாலும் கல்லாலும் இரண்டு நாளில் ஆகிற வேலையில்லை. மின்சாணையில் பிடித்தார். உருண்டைச் சக்கரத்தில் பிடித்தால் கத்தியின் பக்கம் குழியும். புடைப்பு இருந்த இடத்தில் சவரக்கத்திக்கு இருப்பதுபோலக் குழி விழுந்தது. அவசரத்தில் தண்ணீர் வாளியில் தோய்க்கும் முறை குறைந்துகொண்டே வந்தது. சூடேறும் இரும்பு முதலில் வைக்கோல் நிறமாகும், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம். கூரில் நீலம் ஏறினால் அந்த இடம் வெந்துவிட்டது, பதம் போய்விட்டது என்று பொருள். இதை எனக்குச் சொன்னவர் அவர்தான். எத்தனை கத்தியில் நீலம் ஏறியது என்று பின்னாளில் கேட்டேன். "எண்ணலை சார்" என்றார். "எண்ணினா நிறுத்த வேண்டி வருமே."

நீலம் தெரிந்த இடங்களை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். இரும்பு வெள்ளி மாதிரி ஆனது.

நாற்பதையும் கையில் சோதித்தார். இடது கை போதாமல் வலது காலின் முடியையும் வழித்தார் என்று ஆட்கள் சிரித்தார்கள். எல்லாக் கத்தியும் வழித்தது. வெந்த இரும்பும் ஒரு தடவை முடி வழிக்கும். கூர் இருக்கிறதா என்பதை முடி சொல்லும். அது நிற்குமா என்பதைக் கட்டை ஒன்றுதான் சொல்லும். கட்டை வாசலிலேயே கிடந்தது. அவர் வெட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை தாள் நாடாநாடாக விழுந்தது. பெரிய அதிகாரி மொட்டைக்கையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்தொன்பது வருடத்தில் அவர் கையை யாரும் குலுக்கியதில்லை. கூலிக்காரன் கையைக் குலுக்கினால் எண்ணெய் ஒட்டும் என்று நினைப்பவர்கள் நிறைந்த அலுவலகம் எங்களுடையது. ஒரு கைகுலுக்கலுக்கு இவ்வளவு பசி வரும்படி ஒரு மனிதரை வைத்திருந்தோமே, அதற்கும் கணக்குக் கேட்க ஆள் வேண்டும். படம் எடுத்தார்கள். பெரிதாக்கி நடைவழிச் சுவரில் மாட்டினார்கள். படத்தில் பெரிய அதிகாரி தாளைப் பிடித்திருப்பார். மொட்டைக்கை கத்தியைப் பிடித்துப் பல் தெரியச் சிரிப்பார்.

திங்கட்கிழமை மாலை நெட்டைக்கா கொட்டகைக்கு வந்தார். நாற்பது பேரில் நன்றாக வெட்டுகிறவர் அவர்தான். உயரத்தால் வந்த பெயர். வீட்டில் படுத்த படுக்கையாக அம்மா, சம்பாதிப்பது இவர் ஒருவர். பதினேழாம் எண் கத்தி அவருடையது.

"அண்ணே, கத்தி வழுக்குது. மரத்துல பத்தவே மாட்டேங்குது. மத்தியானத்துக்குள்ள மழுங்கிடுச்சு."

மொட்டைக்கைக்குத் தெரியும். தொட்டுப் பார்க்காமலே தெரியும். ஆனால் கத்தியைத் திருப்பி வாங்கினால் நாற்பதையும் திருப்பி வாங்க வேண்டும். ஏன் என்று கேட்பார்கள். சுவரில் படம் மாட்டி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கொட்டகை வாசலில் பத்துப் பேர் வரிசையில் நின்றிருந்தார்கள்.

"பெரிய அதிகாரியே கை குடுத்த கத்தி இது" என்றார். "கத்திக்குக் கூர் போதும்மா. உன் கைக்குத்தான் போதலை போல."

வரிசை சிரித்தது. நெட்டைக்காவும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. கத்தியைத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டுப் போனார். மொட்டைக்கை அதற்குக் கல்லில் இரண்டு இழுப்பு கொடுத்துத் திரும்ப மாட்டிவைத்தார்.

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு, கம்பிமேல் சாய்ந்திருந்த காய்ந்த கிளை ஒன்றை நெட்டைக்கா சரிவில் நின்று வெட்டினார். முதல் இரண்டு வெட்டிலேயே கூர் மடங்கியது. மூன்றாவது வெட்டு மரத்தில் பதியாமல் கிளையோடு சறுக்கி வந்து இடது முழங்காலுக்குக் கீழே இறங்கியது. எலும்பு தெரிந்தது. நாலு பேர் துணியில் கிடத்தித் தூக்கி வந்தார்கள்.

அலுவலகத்தில் பலரும் "அவளுக்கு நேரம் சரியில்லை" என்றார்கள். நேரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அது சுவரில் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. இரும்புதான் சரியில்லை. தலையெழுத்து, கிரகம் என்று எவனாவது ஆரம்பித்தால், பக்கத்தில் யாரோ ஒருவர் தன் தப்பைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் என்று நான் எடுத்துக்கொள்வது வழக்கம். அன்றைக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

விதி என்று எங்கள் அலுவலகத்தில் இருந்தது அச்சடித்த விதி. கருவியின் குறையால் காயம் என்றால் சிகிச்சையும் சம்பளத்தோடு விடுப்பும் உண்டு, வேலையும் இருக்கும். கவனக்குறைவால் காயம் என்றால் ஒன்றும் கிடையாது, பெயரை அடித்துவிடுவார்கள். ஆக எல்லாம் அந்தப் பதினேழாம் எண் கத்தியில் இருந்தது.

கத்தி இரத்தத்தோடு கொட்டகைக்கு வந்தது. சரிசார் கூடவே வந்தார்.

"நாளன்னைக்கு விசாரணை. இதை ஒழுங்கா சாணை பிடிச்சு வை. பழைய மாதிரி."

"சார், அது இப்படியே இருந்தாத்தானே..."

"உன் படம் சுவர்ல இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

மொட்டைக்கை கழுவினார். வெந்த பகுதி முழுவதும் போகும்வரை கூரைப் பின்னுக்கு இழைத்தார். பிறகு அரம் எடுத்து, கூருக்கு மேலே மையால் கோடு போட்டு, எங்கே மை அழிகிறது என்று பார்த்துப் பார்த்துப் புடைப்பை உருட்டிக் கொண்டுவந்தார். முடிந்ததும் வாசல் கட்டையில் மூன்று வெட்டு. கத்தி பதிந்தது, கூர் நின்றது. அவர் வாழ்க்கையிலேயே அவ்வளவு நேர்த்தியாக ஒரு வெட்டுக்கத்தியைச் சாணை பிடித்ததில்லை என்று என்னிடம் சொன்னார். சொன்னபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை மாலை சரிசார் என் மேசைக்கு வந்து, தான் விசாரணை அறிக்கையைச் சொல்லச் சொல்ல அடிக்கச் சொன்னார்.

"விசாரணை நாளைக்குத்தானே சார்?"

"அதனாலதான் இன்னைக்கே அடிக்கச் சொல்றேன்."

நான் அடித்தேன். 'கருவி நல்ல நிலையில் இருந்தது. விபத்துக்குக் காரணம் பணியாளரின் கவனக்குறைவு.' எழுத்துப்பிழை இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தேன்.

மறுநாள் நெட்டைக்கா ஊன்றுகோலோடு வந்து உட்கார்ந்தார். பெரிய அதிகாரி பதினேழாம் எண்ணை எடுத்து ஒரு கட்டையில் தானே வெட்டிக் காட்டினார். நன்றாக வெட்டியது. நெட்டைக்கா கத்தியை வாங்கி, கட்டைவிரலைக் கூருக்குக் குறுக்காக மெல்ல நகர்த்திப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து தன் தோல் உறையை அவிழ்த்துக் கத்தியை அதில் போட்டு ஆட்டினார். லொடலொடவென்று ஆடியது.

"ஆறு வருஷமா இந்த உறையில இறுக்கமா இருந்த கத்தி சார். உறை அப்படியேதான் இருக்கு. கத்திதான் இளைச்சுப்போச்சு. ஒரே வாரத்துல விரலகலம் எப்படிங்க இளைக்கும்?"

"தேய்மானம்" என்றார் பெரிய அதிகாரி.

"அப்ப மத்த முப்பத்தொன்பதையும் கொண்டாந்து வெட்டிப் பாருங்க."

"அது விசாரணைக்குச் சம்பந்தமில்லை."

நெட்டைக்கா திரும்பி மொட்டைக்கையைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

மொட்டைக்கை தன் வழுக்கைக் கையை வலது கையால் மூடிக்கொண்டு நின்றார். கடைசிவரை அவர் வாயைத் திறக்கவில்லை. நானும்தான். முந்தின நாளே அடித்த தாளை எடுத்து நீட்டினேன்.

மத்தியானமே சரிசார் உத்தரவு போட்டார்: மீதிக் கத்திகள் எல்லாவற்றையும் பழையபடி மாற்று. இங்கேதான் மொட்டைக்கைக்குத் தப்பிக்க வழியில்லாமல் போனது. மாற்றாவிட்டால் மலைமேல் இன்னொரு கால் வெட்டுப்படும். மாற்றினால் நெட்டைக்காவுக்கு மிச்சமிருந்த சாட்சியும் அரத்தூளாகக் கொட்டிப்போகும். நல்ல காரியமும் கெட்ட காரியமும் ஒரே வேலையாக அவர் மடியில் வந்து விழுந்தது. ஒன்பது நாள் உட்கார்ந்து முப்பத்தெட்டை மாற்றினார். இருபத்து மூன்றாம் எண்ணை மட்டும் எண்ணெய்த் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். அந்த எண்ணுக்கான ஆளிடம் உடைந்துவிட்டது என்று சொல்லி வேறு கத்தி கொடுத்தார். ஏன் எடுத்தேன் என்று அப்போது தனக்கே தெரியாது என்றார். நான் நம்புகிறேன். தைரியம் இல்லாத ஆள் சாட்சியை அழிக்கவும் முடியாமல் காட்டவும் முடியாமல் துணியில்தான் சுற்றி வைப்பான்.

அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். வெட்டுத்துணிப் பெட்டிக்குள் கத்தி கிடப்பதை இரண்டு மாதம் கழித்துத்தான் பார்த்தார்.

"ஏங்க, இந்த வீட்டுல வெட்ட யார் இருக்கா? நானா?"

அவர் முழுவதையும் சொன்னார். தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"நான் ஒரு சட்டையைத் தப்பா வெட்டிட்டா, போட்டுப் பார்க்க வந்தவங்ககிட்ட உங்க உடம்பு சரியில்லைன்னா சொல்லுவேன்?"

"இல்ல..."

"நீங்க அதைத்தான் சொல்லியிருக்கீங்க. பத்துப் பேர் சிரிக்கச் சொல்லியிருக்கீங்க." கத்தரி மறுபடியும் துணியில் ஓடியது. "அந்தப் பொண்ணோட மேல்முறையீடு என்னைக்காம்?"

"வர்ற வியாழக்கிழமை."

"நல்ல சட்டை ஒண்ணு தேய்ச்சு வைக்கிறேன். முழுக்கை வேணாம். அந்தக் கை தெரியணும்."

வியாழக்கிழமை தலைமை அலுவலகத்தில் மேல்முறையீட்டைக் கேட்டவர் ஒரு பெண் அதிகாரி, அதிகம் பேசாதவர். கோப்பைத் தூக்கிக்கொண்டு போனவன் நான். மொட்டைக்கை கேட்காமலே எழுந்து நின்றார். எண்ணெய்த் துணியைப் பிரித்தார். ஒரு காய்ந்த கட்டையும் கொண்டுவந்திருந்தார். முந்தின இரவு கல்லில் கூர் ஏற்றியிருந்த இருபத்து மூன்றாம் எண்ணை முதலில் தன் கையில் இழுத்தார். கையில் சோதிப்பதை விட்டிருந்த இரண்டு மாதத்தில் முளைத்திருந்த முடி ஒரு கோடாக வழிந்தது.

"வழிக்குதும்மா. இப்பப் பாருங்க." கட்டையில் மூன்று வெட்டு. கத்தியைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். கூர் ஒரு பக்கமாக மடங்கிக் காகித ஓரம்போல நெளிந்திருந்தது. "சக்கரத்துல வெந்துபோச்சு. நாப்பதையும் நான்தான் இப்படிப் பண்ணினேன்."

"இது இவங்க கத்தி இல்லையே?"

"இவங்க கத்தியை விசாரணைக்கு முன்னாடி நான்தான் சரி பண்ணினேன். அதான் உறையில ஆடுச்சு."

"வெந்துபோனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வேகும்போதே தெரியும். உப்புத்தாள் போட்டு மறைச்சேன்."

அறிக்கையை முந்தின நாளே அடித்தேன் என்று அப்போது நானும் சொன்னேன். அடுத்தவர் முதலில் குதித்த பிறகு குதிப்பதற்குத் தைரியம் என்று பெயரில்லை. ஆனாலும் பதிவாக வேண்டுமே என்று சொன்னேன்.

நெட்டைக்கா மொட்டைக்கையைப் பார்த்துத்தான் பேசினார்.

"வெந்ததுகூடப் போகட்டும்ணே. அவசரம், மேலேருந்து அழுத்தம், எல்லாம் புரியுது. திங்கக்கிழமை நான் வந்து சொன்னேனே. அன்னைக்கு எதுக்குப் பத்துப் பேரை என்னைப் பார்த்துச் சிரிக்க வெச்சீங்க?"

மொட்டைக்கை கத்தியை அதிகாரியின் மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அறிக்கையிலிருந்து 'கவனக்குறைவு' நீக்கப்பட்டது. நெட்டைக்காவுக்கு வேலையும் விடுப்பும் திரும்பக் கிடைத்தன. மொட்டைக்கைக்குக் கண்டனக் கடிதம் வந்தது, எனக்கும்தான். சரிசார் பதவி உயர்வோடு வேறு பணிமனைக்குப் போனார். பெரிய அதிகாரியின் கோப்பில் ஒரு கோடுகூட விழவில்லை. நடைவழிப் படத்தை இறக்கச் சொல்லி மொட்டைக்கை எழுதிக் கேட்டார். இறக்குவதற்குப் படத்தை மாட்டச் சொன்னவரின் உத்தரவு வேண்டும் என்றார்கள். அது இன்னும் அங்கேயே சிரித்துக்கொண்டிருக்கிறது. மொட்டைக்கை பின்வாசல் வழியாகத்தான் வந்து போகிறார்.

நெட்டைக்கா திரும்பி வந்த முதல் நாள், கொட்டகை வரிசையில் நிற்கவில்லை. பதினேழாம் எண்ணைத் தானே எடுத்துக்கொண்டு, காலை நீட்டி வாசல் கட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த அரத்தால் தன் கத்தியைத் தானே தீட்டினார். பிடி சரியாக இல்லை, அரம் தத்தியது. மொட்டைக்கை உள்ளிருந்து பார்த்தார். எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை கட்டைக்குப் பக்கத்தில் ஒரு பலகை கிடந்தது. அதன்மேல் கத்தியை இறுக்கிப் பிடிக்க ஒரு கவ்வி, நல்ல அரம் ஒன்று, நனைத்து வைத்த கல், கோடு போட மைப்பேனா. அன்றிலிருந்து தினமும் அவர் முதல் ஆளாக வந்து அதையெல்லாம் எடுத்துவைத்துவிட்டு உள்ளே போய்விடுகிறார். நெட்டைக்கா அவற்றைப் பயன்படுத்துகிறார். நன்றி சொல்வதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை. வெட்டிப் பார்க்கும் சத்தம் மூன்று தடவை கேட்கும்வரை அவர் தன் சக்கரத்தைச் சுழலவிடுவதில்லை.

இடுப்புக்கத்தியைக்கூட இப்போது அவர் கையில் சோதிப்பதில்லை. கயிற்றை அறுத்துப் பார்க்கிறார், கட்டையைச் சீவிப் பார்க்கிறார். போன மாதம் வந்த புது ஆள் ஒருவர், அவர் கையைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஏண்ணே மொட்டைக்கைன்னு பேரு?" என்று கேட்டார்.

வாசலில் அரம் ஓடும் சத்தம் நின்றது. நெட்டைக்கா தலையைத் தூக்கவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தார்.

மொட்டைக்கை சட்டைக் கையை மடித்து, முடி நிறைந்த முன்கையை அந்த ஆளுக்கு முன்னால் நீட்டினார். "உட்காரு, சொல்றேன்" என்றார். வாசல்வரை கேட்கும்படி, முதலிலிருந்து தொடங்கினார்.